கூஜாவைக் கடைசியாகத் தூக்கியது யார்?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வந்த துறைமுகக் கதைக்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. தபாலில் வந்தது நாலைந்துதான். மற்றதெல்லாம் பேரன் போனில் வைபர் வழியாக வந்து, அவன் வாசிக்க நான் நோட்டில் எழுதிக்கொண்டது. அரிசி விலை கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தடவை முழுக்கக் கூஜாதான்.

கதையைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. 1942. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நம் ஜனங்கள் கிளம்பிய கிளம்பலில் ஓர் அண்ணனும் தம்பியும் ப்ரோமிலிருந்து தவுங்குப் கணவாய் வழியே அரக்கான் பக்கம் நடக்கிறார்கள். தம்பிக்குப் பத்து வயது. கையில் அம்மா கொடுத்த பித்தளைக் கூஜா. இரண்டாம் நாள் இரவு அண்ணனுக்கு வாந்திபேதி கண்டுவிடுகிறது. மூன்றாம் நாள் காலையில், மாட்டுவண்டியில் இரண்டு தகரம் தண்ணீரோடு வந்த ஒரு கடைக்காரரிடம் தம்பி கேட்கிறான். "காலராக்காரனுக்கு என் தம்ளரைத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். மதியத்துக்குள் அண்ணன் போய்விடுகிறான். தம்பி நடக்கத் தெம்பில்லாமல் ரங்கூனுக்கே திரும்பி, பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பற்றவைக்கும் தொழில் கற்றுக்கொள்கிறான்.

22 வருஷம் கழித்து, 1964. மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 ச்சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தங்கம் வைத்திருந்தவர்கள் அதை எப்படிக் கப்பலேற்றுவது என்று தவித்த நேரம். ஒரு கிழவர் கூஜாவுக்கு இரட்டை அடி வைக்கச் சொல்லி இவன் பட்டறைக்கு வருகிறார். நடுவில் 30 டிக்கல் தங்கம், நம் கணக்கில் அறுபது பவுன். கிழவருக்கு இவனைத் தெரியவில்லை. இவனுக்கு அவரைத் தெரிந்துவிடுகிறது, அன்று தண்ணீர் தர மறுத்த அதே கடைக்காரர். வாயைத் திறக்காமல் பற்றவைத்துக் கொடுக்கிறான். பிறகு இந்தியா போகிற கப்பலுக்கு இருவரும் ஒரே சோதனை வரிசையில் நிற்கிறார்கள். கடைசி வரிகள் இவை: "வெயில் ஏறிவிட்டது. அவன் வரிசையை விட்டு விலகி அதிகாரியின் முன்னால் போய் நின்றான். 'யே' என்றான். அதிகாரி குனிந்தார்."

அவ்வளவுதான் கதை. இனி உங்கள் சண்டை.

கேள்வி: ஐயா, காட்டிக்கொடுத்தானா, இல்லையா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். (தட்டோன் வாசகர்)

பதில்: யே.

கேள்வி: 'யே' என்றால் பர்மியச் சொல்லில் போலீஸ் என்றும் வருமே. அவன் போலீஸைத்தான் கூப்பிட்டான் என்கிறேன். என் மைத்துனர் தண்ணீர்தான் கேட்டான் என்கிறார். ஐந்தாயிரம் ச்சாட் பந்தயம். (யாங்கூன், தாம்வேயிலிருந்து ஒருவர்)

பதில்: பணத்தை மைத்துனரிடம் கொடுத்துவிடுங்கள் தம்பி. தண்ணீருக்குச் சொல்கிற யே, நாம் தினமும் லப்பயே (தேநீர்) கடையில் சொல்கிற யே மாதிரி, உதடு விரியாமல் தணிந்து வரும். போலீஸுக்குச் சொல்வது வாயை நன்றாக அகட்டி, குரலை ஏற்றிச் சொல்வது. பர்மிய எழுத்தில் இரண்டும் வேறு வேறு. தமிழில் எழுதும்போது அந்த ஏற்ற இறக்கம் காணாமல் போகிறது. எழுதியவர் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று படுகிறது. கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதலில் பர்மிய எழுத்திலேயே தண்ணீர் என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே தமிழில் 'யே' போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. இங்கே பிறந்து வளர்ந்த காதுக்குத்தான் அது வரும்.

கேள்வி: முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அவன் மன்னித்துவிட்டான் என்றே என் மனசு சொல்கிறது. 22 வருஷத்துக்கு முன்னால் மறுக்கப்பட்ட தண்ணீரை இப்போது கேட்கிறான். அதிகாரி குனிந்து கிழவரின் கூஜாவிலிருந்தே ஊற்றிக் கொடுக்கிறார். அந்தக் கிழவரின் தண்ணீரைக் குடித்ததோடு பகை தீர்ந்தது. இப்படி வாசிப்பது தவறா? (மோல்மீன் வாசகி)

பதில்: டீச்சரம்மா, தவறே இல்லை. வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. ஆனால் நான் நாற்பது வருஷம் அரிசி ஆலையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன். நெல் கூடை 46 ராத்தல் இருக்க வேண்டிய இடத்தில் 44 இருந்தால் அந்த இரண்டு ராத்தல் எங்கே போனது என்றுதான் புத்தி போகும். இந்தக் கதையையும் அப்படித்தான் வாசித்தேன்.

முதலில் அந்தக் குனிதலைப் பாருங்கள். துறைமுக வாசலில் மரத்தடியில் தண்ணீர்ப் பானைகள் இருந்ததாகக் கதையில் ஒரு வரி வருகிறது. வழிப்போக்கர் குடிக்கப் புண்ணியத்துக்கு வைக்கிற யேச்சான்ஸின்தான், நம் தெருவிலெல்லாம் இருக்கிறதே. அதிலிருந்து மொண்டு கொடுத்திருக்கலாம் அல்லவா என்று சிரியத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பானைகள் இருப்பது நெஞ்சுயரப் பரணில். யாரும் குனிந்து மொள்வதில்லை. குனிந்தால் தரையில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். தரையில், வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது கிழவரின் கூஜா. இதுவரை நானும் நீங்களும் ஒரே கட்சி.

இனிமேல்தான் பிரிகிறோம். அந்தக் கூஜாவைப் பற்றவைத்தவன் இவன். அதன் கனம் இவனைப் போல வேறு யாருக்கும் தெரியாது. தூக்குகிறவன் கைக்கு ஒரு கணக்கு உண்டு டீச்சரம்மா. பாதிதான் தண்ணீர் என்று பார்த்துவிட்டுத் தூக்கினால், கை அதற்குத் தக்க பலத்தைத்தான் போடும். எடுத்தவுடன் கூடுதல் கனம் தெரிந்தால் எந்தச் சோதனைக்காரனும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பான். 'அவர் தங்கம் வைத்திருக்கிறார்' என்று இவன் சொல்லவே வேண்டியதில்லை. தாகமாக இருக்கிறது என்றால் போதும்.

இதில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிழவர் பிடிபட்டால் யாராவது இவனைக் கேட்கட்டும், இவனே தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும், பதில் தயாராக இருக்கிறது: நான் தண்ணீர்தானே கேட்டேன்! அதற்கு முன்னாலும் இவன் இதே வித்தையை ஒரு தடவை செய்திருக்கிறான். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காலரா கண்டவருக்கு ஒரு கூஜாத் தண்ணீர் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? இவன் ஒன்றுமில்லாததற்காகப் பழிவாங்கக் காத்திருந்தான் என்று சொல்லலாமா? (பெகு வாசகி)

பதில்: பிழைத்திருக்கமாட்டார் என்று உங்களுக்கே தெரியும் அம்மா. கடுமையான காலராவில் ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேலும் உடம்பிலிருந்து போய்விடும் என்பார்கள். வெறும் தண்ணீராக உள்ளே போனது உள்ளே நிற்காது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஜனங்களைக் காப்பாற்றியதைப் பெரிய அளவில் உலகம் பார்த்தது 1971இல், வங்க அகதி முகாம்களில். 1942இல் அந்தக் கணவாயில் ஊசிமருந்து ஏற்ற யார் இருந்தார்கள்? அந்த வருஷம் நாலைந்து லட்சம் பேர் இந்தியா நோக்கி நடந்தார்கள். ப்ரோமிலேயே காலரா வந்துவிட்டது. மலைப்பாதையில் தண்ணீர் கிடைப்பது அரிது.

ஆனால் இதையெல்லாம் பத்து வயதுப் பையனிடம் யார் சொன்னார்கள்? 'தண்ணீர் கிடைத்திருந்தால் அண்ணன் இருந்திருப்பான்' என்பதுதான் அவன் படித்த ஒரே வைத்தியம். அதை நம்புகிறவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியானால் இருந்த தண்ணீர் என்ன ஆயிற்று?

இப்போது கதையின் இரண்டாம் நாளை மறுபடி எடுத்து வாசியுங்கள். சாயங்காலம் ஓர் ஊற்றில் கூஜாவைக் கழுத்துவரை நிரப்புகிறார்கள். தம்பி அதை "இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு" வருகிறான். இரவு அண்ணன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறான். "விடியட்டும் அண்ணே" என்கிறான் தம்பி. கூஜா இவன் தலைமாட்டில். விடிகிறது. வண்டிச் சத்தம் கேட்டு ஓடுகிறான், "கூஜாவை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு."

ஒரு விரலில்!

வண்டிக்காரர் மறுப்பதற்கு முன்னாலேயே கூஜா காலி. அண்ணன் குடிக்கவில்லை, அவனுக்குத்தான் விடியட்டும் என்றாயிற்றே. சிந்திவிட்டது என்று ஒரு வார்த்தை கதையில் இல்லை. அந்த இரவுக்கும் அந்த விடியலுக்கும் நடுவில் எழுதியவர் ஒரு வரி இடைவெளி விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அதற்காகக் கடைக்காரரை நான் விட்டுவிடவில்லை. இரண்டு தகரம் வைத்துக்கொண்டு ஒரு மடக்கு தராதவர் அவர். தம்ளர் தொட வேண்டாம், உள்ளங்கையில் ஊற்றியிருக்கலாம். அவர் செய்ததும் பாவம்தான். இவன் 22 வருஷம் அந்தப் பாவத்தை ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான் என்பதுதான் என் கேள்வி. அதைக் கீழே வைத்தால் கையில் வேறு என்ன மிஞ்சும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: கண்ணகி மதுரையையே எரித்தாள். அவளைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். ஒரு கிழவரின் தங்கத்தைக் காட்டிக்கொடுத்தால் மட்டும் பாவமா? (நியாங்லேபின், கோயில் தமிழ் வகுப்பு மாணவர்)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. உங்கள் வகுப்பில் சிலப்பதிகாரத்தை வழக்குரை காதையோடு நிறுத்தியிருப்பார்கள். நடுவில் இரண்டு காதையைத் தாண்டி, கட்டுரை காதைக்குப் போங்கள். நகரம் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு பழைய கதை சொல்லும். சிங்கபுரத்துக்கு நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, பரதன் என்பவன் 'இவன் ஒற்றன்' என்று அரசனிடம் பொய் சொல்லிக் கொல்லவைக்கிறான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது திரிந்து, சாபம் கொடுத்துவிட்டு மலையிலிருந்து விழுந்து இறக்கிறாள். அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன்.

அதிகாரத்தின் காதில் ஒரு சொல் போடுவது, அதனால் ஒருவன் அழிவது. நம் துறைமுகக் கதையின் கரு அங்கேயே இருக்கிறது. ஒரு வித்தியாசம்: பரதன் சொன்னது பொய். இவன் சுட்டுவது உண்மை, கூஜாவில் தங்கம் இருக்கத்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லியும் ஒருவனைக் கொல்லலாம் என்பது இவனுக்கு வசதியாகப் போயிற்று.

கண்ணகியோடு இவனைச் சேர்க்காதீர்கள். அவள் எல்லார் முன்னிலையிலும் தன் கையாலேயே சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்று அரசனும் பார்த்தான், அவையும் பார்த்தது. இவன் கூஜாவை யாரோ உடைக்க வேண்டும், தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நிற்கிறான்.

கேள்வி: இப்படிப்பட்ட கதைகளைப் போட்டால் இளையவர்கள் கெட்டுப்போகமாட்டார்களா?

பதில்: ஊர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு இளையவர்கள் வாசித்தார்கள். ஒருவன் கூஜா என்றால் என்ன என்று கேட்டான்.

கேள்வி: எழுதியவர் பெயர் ஏன் இல்லை? நீங்களே எழுதிவிட்டு நீங்களே விளக்கம் சொல்கிறீர்கள் என்று எங்கள் வீட்டில் பேச்சு. (துவாந்தே வாசகி)

பதில்: பெயர் வேண்டாம் என்றது எழுதியவரின் விருப்பம். நான் இல்லை. எனக்குக் கதை எழுத வந்திருந்தால் ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேனா? 1964இல் எனக்குப் பதினான்கு வயது. சித்தப்பா குடும்பத்தை வழியனுப்பத் துறைமுகம் வரைக்கும் போனேன். சித்தி கம்மல், மூக்குத்தி எல்லாவற்றையும் முதல்நாளே கழற்றி எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு போனார். கதையில் வரிசையில் நிற்கிற பெண்களின் காதில் ஈர்க்குச்சி வருகிறதே, அதை வாசித்தபோது எழுதியவர் அங்கே நின்றவர்தான் என்று தெரிந்துகொண்டேன். வேலிக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கேள்வி: 'ஒரு விரலில்' என்பதை வைத்து இவ்வளவு பெரிய கோட்டை கட்டுகிறீர்கள். அது எழுதியவரின் கவனக்குறைவாக இருக்கலாமே? பத்து வயதுப் பையன் ஒரே இரவில் ஒரு கூஜாத் தண்ணீரையும் குடிக்க முடியுமா? (போன இதழிலேயே என்னை வம்புக்கு இழுத்த அதே மோல்மீன் வக்கீல்)

பதில்: வக்கீல் ஐயா, வருவீர்கள் என்று தெரியும்.

கவனக்குறைவு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. 'ஒரு விரலில்' என்ற சொல் கதையில் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று அந்தக் காலை. மற்றது பட்டறையில், வேலை முடிந்த கூஜாவைக் கிழவரிடம் கொடுக்கும்போது. இவன் "ஒரு விரலில்" நீட்டுகிறான், கிழவர் "இரண்டு கையாலும்" வாங்குகிறார். தங்கம் அடைத்த கூஜாவை விரல் நோக, கனமே இல்லாதது போல நீட்டிக் காட்டுகிறான். கனத்தை மறைப்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்று எழுதியவர் சொல்கிறார். நான் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்குத் தராசைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் மனைவியின் சீர்க் கூஜா ஒன்று இருக்கிறது. வெறும் கூஜா 55 டிக்கல். கழுத்துவரை நிரப்பினால் ஒரு வீசை 65 டிக்கல். (இங்கத்து வீசையைச் சொல்கிறேன், நூறு டிக்கல், ஒரு கிலோ அறுநூற்றுச் சொச்சம். சென்னை வீசை இதைவிடச் சின்னது. சொல் மட்டும் நம்முடையது, கப்பலேறி வந்து இங்கே கொழுத்துவிட்டது.) ஆகத் தண்ணீர் ஒரு வீசை பத்து டிக்கல். தம்ளரால் அளந்தேன், ஒன்பது தம்ளர் வந்தது. பாதித் தண்ணீரோடு கூஜா 110 டிக்கல். அதில் 30 டிக்கல் தங்கம் சேர்ந்தால் கால் பங்குக்கு மேல் கனம் கூடும், கை கண்டுபிடித்துவிடும். 30 டிக்கல் தங்கம் என்றால் அறுபது பவுன், ஆனால் இடத்துக்கு ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். இரட்டை அடிக்குள் தாராளமாக நிற்கும். இதுவரை எழுதியவர் கணக்கில் பிசகில்லை.

மிச்சம் அந்த ஒன்பது தம்ளர். என் பேத்திக்குப் பத்து வயது. கூஜாவை நிரப்பிக் கையில் கொடுத்தேன், இரண்டு கையாலும்தான் வாங்கினாள். இதை ஒரே ராத்திரியில் குடிக்க முடியுமா என்றேன். வயிறு வெடித்துவிடும் என்றாள். பகல் முழுக்க வெயிலில் நடந்திருக்கிறாய், ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது, பக்கத்தில் அண்ணன் படுத்திருக்கிறான் என்றேன்.

"அண்ணன் முழிச்சிருக்கானா, தாத்தா?"

"முழிச்சிருக்கான். தண்ணி கேக்குறான்."

கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"இருட்டுல சத்தம் வராம குடிக்கணும்னா, மெதுவாத்தான் குடிக்கணும்" என்றாள்.